மைனஸ் பத்து புள்ளி எட்டு

பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழித்துவிட்ட கணினி.
பக்கவாட்டில் இன்னும் வகுப்பு எண், ஒரு பூனைப் படம்.
லினக்ஸ் போட்டதும் மூச்சு வந்தது.
காபி எந்திரத்துக்கும் ஆலிவ் ஜாடிக்கும் நடுவே
இடம் ஒதுக்கினேன்.

கிந்தானாவில் என் மதுக்கடையில்
பாட்டுக்காகச் சண்டை வராத இரவில்லை.
ஆளுக்கு நாலு சிடி கொண்டுவாருங்கள், போதும், என்றேன்.
நூற்றுப்பதினேழு வந்து சேர்ந்தன.
மீன் லாரி எலாடியோவின் உறைக்குள் உலர்ந்த செதில்.
மருந்துக்கடை ஓப்துலியாவின் உறையில்
விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.
காஸ்தோ ஒன்றே ஒன்று கொடுத்தார்:
திருவிழா பேண்டு,
மச்சினன் கைப்பட எழுதிய தலைப்பு, எழுத்துப்பிழையோடு.

அக்டோபர் முழுக்கப் பிரித்தெடுத்தேன்.
கீறல் விழுந்த இடத்தில் நிரல் நின்றுகொள்ளும்.
சொன்னதையே மறுபடி சொல், மறுபடி சொல்,
இரண்டு முறை ஒன்றுபோலச் சொன்னால்தான் நம்புவேன்
என்று தட்டை உலுக்கும்.
திரையின் ஓரத்தில்
இரண்டு புள்ளி, ஒரு வளைவு:
ஒரு சின்னச் சிரிப்பு.
கீறல் ஆழமானால் அது கோணிக்கொள்ளும்.
கல்லாவை எண்ணிக்கொண்டே
அந்த முகத்தைப் பார்த்திருப்பேன்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல.

பிறகுதான் தெரிந்தது வம்பு.
ஒரு பாட்டு முணுமுணுக்கும்,
காது கொடுத்துச் சாய்வதற்குள்
அடுத்தது பிடரியில் அறையும்.
எலாடியோவின் கிதார் பாய்ந்த வேகத்தில்
ஓப்துலியாவின் சோம்பு மது
மடியெல்லாம்.

மட்டப்படுத்தலாம் என்றது கையேடு.
தொகுப்பாக அளக்கவா, தனித்தனியாகவா?
கலைத்துப்போட்டு ஒலிக்கும் கடையில்
குடும்ப கௌரவத்துக்கு இடமேது.
தனித்தனியாக.

ஒரே கட்டளை. விடியும்வரை அளந்தது.
ஓசையை அது தொடவில்லை,
ஓர் இம்மி நகர்த்தவில்லை.
ஒவ்வொரு கோப்பின் காதிலும் ஒரு சீட்டைச் செருகியது:
இவளைக் கொஞ்சம் தூக்கிவிடு,
இவனை இவ்வளவு அமுக்கு.
காஸ்தோவின் பேண்டைத் திரையில் விரித்தால்
அலையே இல்லை, செங்கல்.
மேலும் கீழும் வெட்டுப்பட்ட எக்காளங்கள்.
அதற்குக் கிடைத்த சீட்டு:
மைனஸ் பத்து புள்ளி எட்டு.

கடை அமைதியானது.
ஒருவரும் தலை தூக்கவில்லை,
ஒரு கோப்பையும் நடுங்கவில்லை.
பாட்டின் மேல் பேச்சு
எண்ணெய்போல மிதந்தது.
எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றாவது வாரம்,
கல்குவாரியில் இருபத்தாறு வருடம் துளையிட்ட காஸ்தோ,
இடது காது போய்
வலது காதில் மிச்சம் கொஞ்சம் உள்ளவர்,
ஒலிபெருக்கியின் கீழிருக்கும் தன் வழக்கமான முக்காலியிலிருந்து
கல்லாவுக்கு வந்தார்.
கோபமில்லை. சில்லறையை எண்ணியபடியே கேட்டார்:
என் பாட்டைத் தூக்கிவிட்டாயா?

அப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, இத்தனை நாளும்
நூற்றுப்பதினேழு தட்டில்
அவர் வரைக்கும் வந்தது ஒன்று.
அதன் வாயையும்
நான்தான் பொத்தியிருக்கிறேன்,
கணக்கு சரியாக, தசமப் புள்ளியோடு.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.
அழிக்க வேண்டியது ஒரு சீட்டு மட்டும்.
எக்காளங்கள் அடியில் அப்படியே கிடந்தன,
முழுசாக, கரகரப்போடு.
யாரும் அவற்றை வெட்டவில்லையே.
திருப்பித் தர எதுவுமில்லை,
விலகிக்கொண்டால் போதும்.

மறுநாள் ஒன்பதே கால்.
ஜாடிக்குள் ஆலிவ்கள் அதிர்ந்தன.
ஓப்துலியா, பேச்சை நிறுத்தாமலே,
கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.
எலாடியோ மீன்விலையைப் பாதியில் விட்டான்.
காஸ்தோ சிரிக்கவில்லை, தாளம் போடவில்லை.
பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவனிடம்
விரலை உயர்த்தி அதட்டினார்:
பேசாமல் இரு, கேட்கிறேன் இல்லையா.

மூன்று நிமிடம் நாற்பது நொடி.
அடுத்த பாட்டுக்குச் சீட்டு இருந்தது.